ராத்திரி ஏர்கானுக்கு எத்தனை ஆம்ப்-அவர் பேட்டரி?

டெரஸ்வாசி:
சிங்கப்பூர் ஈசூன்ல தரைவீடு, கூரையில் 6 கிலோவாட் சோலார் பேனல், ராத்திரி ரெண்டு ஏர்கான் ஓடும். ஒரு நாள் செலவு 16 யூனிட். அதை 48 வோல்ட்டால வகுத்தா 333 ஆம்ப்-அவர் (பேட்டரி கொள்ளளவு) வருது. அவ்வளவு வேணுமா? லெட்-ஆசிட் போதுமா?

கூரைவெயில்:
மொத்த 16-ஐ எடுக்காதீங்க. பகல் செலவைப் பேனலே பார்த்துக்கும். பொழுது சாய்ஞ்சதுக்கு அப்புறம் உள்ளதை மட்டும் கூட்டுங்க. அறை குளிர்ந்த பிறகு இன்வர்ட்டர் ஏர்கான் சராசரி 400 வாட்னு வச்சா, ரெண்டு ஏர்கானுக்கும் 8 மணி நேரத்துக்கு 6.4 யூனிட். ஃப்ரிட்ஜ் 0.6, விசிறி, விளக்கு, ரவுட்டர் 1. ஆக 8.

பேட்டரி கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டா மாத்துற இன்வர்ட்டரோட திறன் 92 சதவீதம்னு வைங்க. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில 90 சதவீதம் வரை எடுத்துச் செலவழிக்கலாம். 8 ÷ 0.92 ÷ 0.9 = 9.7 யூனிட். 51.2 வோல்ட், 100 ஆம்ப்-அவர் பேக் ரெண்டு போதும்.

லெட்-ஆசிட்டுல பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. அதே 8 யூனிட்டுக்கு 48 வோல்ட்டுல 362 ஆம்ப்-அவர் ஆகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நம்ம ஊர் கார் போர்ச் சூட்டுல அந்த மலிவு விலை எத்தனை நாளைக்கு?

மின்கம்பி:
கணக்கு சரி. ஆனா யூனிட்டை மட்டும் பார்த்தா மாட்டிக்குவீங்க. பேக் 50 ஆம்ப்ஸ் வகைன்னா ஒண்ணுக்கு 2.5 கிலோவாட், ரெண்டுக்கு 5. ஏர்கான் ஓடுறப்ப 3 கிலோவாட் வாட்டர் ஹீட்டரும் 2 கிலோவாட் கெட்டிலும் போட்டா 5.8; பேட்டரியைக் காக்கிற பிஎம்எஸ் சர்க்யூட் துண்டிச்சிடும். ஹீட்டரைப் பேட்டரிப் பக்கம் இழுக்காதீங்க.

ரெண்டையும் தனித்தனியா முழுசா சார்ஜ் பண்ணி, வோல்ட்டேஜ் ஒண்ணா இருக்கான்னு அளந்த பிறகே இணைங்க. இல்லாட்டி நிறைஞ்சது குறைஞ்சதுக்குள்ள பெரிய கரண்ட்டைக் கொட்டும். கேபிள்கள் ஒரே நீளம். இன்வர்ட்டருக்குப் போற பாசிட்டிவ் கேபிளை முதல் பேக்கிலிருந்தும், நெகட்டிவ் கேபிளைக் கடைசிப் பேக்கிலிருந்தும் எடுங்க. இல்லாட்டி ஒரே பேக் தேயும். ஒவ்வொண்ணுக்கும் டிசி ஃபியூஸ். ஏசி பிரேக்கர் வேண்டவே வேண்டாம். டிசி தீப்பொறி அதில் அணையாது.

டெரஸ்வாசி:
கரண்ட் போனா ஓடுமா? மழை மாசத்துக்கு மூணாவது பேக்?

கூரைவெயில்:
சாதா கிரிட் இன்வர்ட்டர் கரண்ட் போனதும் தானும் நின்னுடும். பேனல், பேட்டரி ரெண்டையும் கையாளுற, பேக்கப் அவுட்புட் உள்ள ஹைப்ரிட் இன்வர்ட்டர் வாங்குங்க.

மூணாவது வீண். இங்கே 6 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 20 யூனிட் தரும். பகலுக்கு 8 போக 12 மிச்சம். டிசம்பர் மூடாப்புல 10 தான் வந்தா மிச்சம் 2. நிரப்ப வெயிலே இல்லாதப்ப தொட்டியைப் பெரிசாக்கி என்ன பண்ண? அந்தக் காசுக்குக் கூரையில் இடம் இருந்தா பேனல் சேருங்க. இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் கொடுக்கணும்; மாடிப்படிக்கு அடியில மட்டும் பேட்டரியை வைக்க விடாதீங்க, தீப்பிடிச்சா வெளியேறும் வழி அதுதான்.