ஃபெர்குசன் டிஇ20 டிராக்டர் எஞ்சின்: ஒரு லைனர் மட்டும் தாழ்ந்து நிற்கிறது

கேள்வி:
வருஷக்கணக்கில் ஓடாமல் கிடந்த பெட்ரோல் டிஇ20, சிலிண்டர் உள்விட்டம் 85 மிமீ. மூன்றாவது பிஸ்டன் ஜாம் ஆகியிருந்தது, டீசல் ஊற்றி ஊறவைத்து, மேலே மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி ஒருவழியாக இறக்கிவிட்டேன். நாலு லைனரும் (பிஸ்டன் ஓடும் தனிக் குழாய்கள்) புதிதாகப் போட்டுப் பார்த்தால், மூன்று லைனர் பிளாக்குக்கு மேல் 0.004 அங்குலம் நிற்கிறது, மூன்றாவது மட்டும் பிளாக்கோடு சமமாக உட்கார்ந்துவிட்டது. ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் அடைப்புத் தகடு) பிடித்துக்கொள்ளும் என்கிறார் பட்டறைக்காரர். அப்படியே மூடலாமா?

பதில் 1:
மூடாதீர்கள். இது தண்ணீர் நேராக லைனரைத் தொடும் எஞ்சின், அந்த 0.003 முதல் 0.005 அங்குலம்தான் ஹெட் லைனரை அழுத்திப் பிடிக்க இருக்கும் பிடிமானம். அது இல்லையென்றால் மேலே கம்ப்ரெஷன் தண்ணீருக்குள் போகும், கீழே தண்ணீர் ஆயிலில் இறங்கும். அளந்தபோது அடியில் எட்டு வடிவ கேஸ்கெட் இருந்ததா? லைனரை கிளாம்ப் போட்டு இறுக்கித்தான் அளந்தீர்களா? இரண்டும் சரியென்றால் மூன்றாவது லைனரை எடுத்து ஒன்றாவது குழியில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் தாழ்ந்தால் லைனரில் கோளாறு, இல்லையென்றால் குழியில்.

கேட்டவர்:
கேஸ்கெட், கிளாம்ப் இரண்டும் இருந்தது. மாற்றிப் போட்டேன், குழிதான். டார்ச் அடித்துப் பார்த்தால் லைனர் உட்காரும் விளிம்பில் பாதி வட்டத்துக்குத் துரு அரித்து, விரலை ஓட்டினால் சொரசொரவென்று தட்டுகிறது.

பதில் 2:
அப்படியென்றால் விளிம்பைச் சமமாகச் சீவி, எடுத்த அளவுக்கும் இப்போது குறைகிற அளவுக்கும் சேர்த்து வளையம் போட்டு உயர்த்தக்கூடிய லேத் பட்டறையாகத் தேடுங்கள். பிளாக்கின் மேல்பக்கத்தைச் சீவ மட்டும் விடாதீர்கள், மற்ற மூன்றும் எகிறிவிடும். அனுப்புவதற்கு முன்னால் தண்ணீர் போகும் அறையின் அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும் துருச் சேற்றைச் சுரண்டி எடுங்கள், நான் அதை விட்டுவிட்டு ரேடியேட்டரை இரண்டு தடவை கழற்ற வேண்டியதாயிற்று.

அப்புறம் பிஸ்டன் ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள இடைவெளி. போட்டோம் மூடினோம் என்று இருக்காமல், ஒவ்வொரு ரிங்கையும் அதன் லைனருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 0.003 முதல் 0.004 அங்குலம் என்று கணக்கு வைத்தால் உங்களுக்கு 0.010க்கும் 0.013 அங்குலத்துக்கும் நடுவில் வரும்.

பதில் 1:
இன்னொன்று, ஹெட் இல்லாதபோது கிராங்கைச் சுற்றினால் பிஸ்டன் லைனரையும் சேர்த்து மேலே தூக்கிவிடும், கேஸ்கெட் போச்சு. கிளாம்ப் இல்லாமல் சுற்றவே சுற்றாதீர்கள். கடைசியில் ஹெட்டை இறுக்கி, சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) போடாமல் தண்ணீர் நிரப்பி, கீழே காய்ந்த அட்டை விரித்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அட்டையில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் திரும்பக் கழற்றுங்கள்.