ஸ்டாண்டிங் மைல் ஓட்டத்திற்கு கம்மின்ஸ் பிக்அப்: முதலில் எதை மாற்றுவது?

டெக்சஸ்_டீசல்:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2006ஆம் ஆண்டு டாட்ஜ் ராம் 2500 இருக்கிறது: 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின், 48ஆர்இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின் அச்சு விகிதம் 3.73 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்றும்). இரட்டை டர்போவும் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுபவை) பெரிய இன்ஜெக்டர்களும் (டீசலைத் தெளிப்பவை) பொருத்திய பிறகு, கால் மைலை 13 விநாடிகளில் கடந்து, முடிவுக் கோட்டில் மணிக்கு 105 மைல் வேகம் காட்டுகிறது. அடுத்ததாக, பழைய விமானத்தள ஓடுதளத்தில் நடக்கும் ஸ்டாண்டிங் மைலில், அதாவது நின்ற நிலையிலிருந்து கிளம்பும் ஒரு மைல் ஓட்டத்தில், 150 மைல் வேகத்தைத் தொட விரும்புகிறேன். கால் மைல் முடியும்போதே பைரோமீட்டர் (புகைவாயுவின் வெப்பத்தைக் காட்டும் மானி) 1,500 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிடுகிறது. இன்னும் பெரிய டர்போவுக்குச் செலவிடலாமா, அல்லது வேறு எதிலாவது கைவைக்க வேண்டுமா?

பிஸ்டன்வளையம்:
நண்பரே, டர்போவை வாங்குமுன் அந்த பைரோமீட்டரைப் பற்றி யோசியுங்கள். கால் மைலில் இன்ஜின் 13 விநாடிதான் முழு மிதியில் ஓடுகிறது. ஒரு மைலில் அதுவே 35 முதல் 40 விநாடி வரை நீளும். அலுமினியம் ஏறத்தாழ 660 டிகிரி செல்சியஸில் உருகும். தாங்கள் காணும் 1,500 ஃபாரன்ஹீட் என்பது 815 செல்சியஸ். அப்படியிருந்தும் பிஸ்டன் உருகாமல் தப்புவதற்குக் காரணம், வெப்பம் உலோகத்துக்குள் ஊறுவதற்கு நேரம் பிடிப்பதும், அடியிலிருந்து பீய்ச்சப்படும் எண்ணெய் அதைத் தொடர்ந்து குளிர்விப்பதுமே ஆகும். மைலின் பின்பாதியில் அந்த அவகாசம் தீர்ந்துவிடும். கால் மைலுக்கு எழுதிய டியூனிங்குடன் (டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கணினி நிரல்) மைல் ஓடிய வண்டிகளைப் பிரித்துப் பார்த்தால், பிஸ்டனின் எரிகிண்ண விளிம்பு அரிக்கப்பட்டு, அலுமினியம் துளித்துளியாக வால்வுகளில் ஒட்டியிருக்கும்.

ஆகவே, மைலுக்கென்று தனி டியூனிங் எழுதச் செய்யுங்கள். அதில் டீசலைக் குறைத்து, நீடித்த ஓட்டத்தில் முள் 1,300 ஃபாரன்ஹீட்டின் அருகிலேயே நிற்கும்படி பார்க்க வேண்டும். கரும்புகை என்பது எரியாமல் வெளியேறும் டீசல். பார்வையாளர்கள் கைதட்டுவார்கள், கடிகாரம் தட்டாது. தண்ணீரும் மெத்தனாலும் கலந்து தெளிக்கும் அமைப்பு நிச்சயம் உதவும். ஆனால் அதன் தொட்டி வழியிலேயே காலியானால் வெப்பம் சட்டென்று ஏறும் என்பதால், முழு மைலுக்கும் போதுமான கொள்ளளவு வேண்டும்.

கிரவுன்பினியன்:
மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆனால் இருக்கும் கியர் விகிதத்தில் அந்த வேகம் எட்டாது. டயரின் உயரம் 32 அங்குலம் என்று கொண்டால், 150 மைல் வேகத்தில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு) நிமிடத்திற்கு ஏறத்தாழ 5,900 சுற்று சுற்றும், 0.69 ஓவர்டிரைவில் (ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு இன்ஜின் 0.69 சுற்றே சுற்றும் உச்ச கியர்) இன்ஜின் 4,050 சுற்றுக்கு வர வேண்டும். கம்பெனி நிலையில் இந்த இன்ஜின் 3,200 சுற்றை ஒட்டியே அடங்கிவிடும். பின் அச்சை 3.42க்கு மாற்றினால் 3,700 சுற்று போதும். வலுவான வால்வு ஸ்ப்ரிங்குகளுடன் அது எட்டக்கூடிய அளவே. முழு சக்தி ஓவர்டிரைவ் வழியாகப் போகப்போவதால் அந்தப் பகுதியின் கிளட்சுகளையும் வலுப்படுத்துங்கள். நீளமான ஷாஃப்ட் அந்தச் சுற்றுகளில் வில்லாக வளைந்து அதிரும் அபாயம் உண்டு என்பதால், அதை பேலன்ஸ் செய்து, கீழே பாதுகாப்பு வளையமும் மாட்ட வேண்டும்.

காற்றுச்சுவர்:
காற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே! காற்றுத் தடையை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தை மூன்று முறை பெருக்கிய அளவுக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறும். 105 மைலிலிருந்து 150க்குப் போக அந்தத் தேவை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. இவ்வளவு பெரிய பிக்அப்புக்கு, 150 மைலில் காற்றைத் தள்ளுவதற்கே 300 குதிரைத்திறனுக்கு மேல் போய்விடும் என்பது என் கணக்கு. அமெரிக்க இன்ஜின் வல்லுநர் கேல் பேங்க்ஸின் குழு 2002இல் இதே 5.9 கம்மின்ஸை டாட்ஜ் டகோட்டா பிக்அப்பில் வைத்து, அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் மணிக்கு 217 மைல் ஓட்டியது. அதன் திறன் 735 குதிரைதான். டகோட்டா ராமைவிடச் சிறியது, தாழ்த்தப்பட்டது, உப்புவெளியில் வேகம் பிடிக்கப் பல மைல் இடமும் உண்டு. ஆகவே அந்த எண்ணை நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் வடிவம் எவ்வளவு பணத்தை மிச்சப்படுத்தும் என்பதை அது காட்டுகிறது. வண்டியைத் தாழ்த்தி, முன்பம்பருக்குக் கீழே காற்றுத்தடுப்பு வைத்து, சரக்குத் தொட்டியை மூடுங்கள்.

டெக்சஸ்_டீசல்:
மூவருக்கும் மிக்க நன்றி. டர்போவைத் தள்ளிவைத்து, 3.42 அச்சுக்கும் புதிய டியூனிங்கிற்கும் போகிறேன். பின்கதவைக் கழற்றிவிட்டால் காற்று எளிதாகப் போகும் என்று உள்ளூர் நண்பர் ஒருவர் சொல்கிறார்; அது உண்மையா? இப்போதிருக்கும் டயர்களில் 'எஸ்' என்று இருக்கிறது, அவை போதுமா?

காற்றுச்சுவர்:
கதவைக் கழற்ற வேண்டாம். அது மூடியிருக்கும்போது தொட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் தங்கி, மேலே வரும் காற்றை வழுக்கிச் செல்ல விடுகிறது. கழற்றினால் தடை கூடவே வாய்ப்பு அதிகம். 'எஸ்' குறியீட்டின் எல்லை மணிக்கு 180 கிலோமீட்டர், அதாவது 112 மைல் மட்டுமே. 150 மைல் என்பது 241 கிலோமீட்டர். 'வி' குறியீட்டின் 240ஐயும் அது தாண்டிவிடுவதால் 'டபிள்யூ' குறியீடுள்ள டயரையே தேடுங்கள். கிடைக்கும் டயர் உயரம் குறைந்ததாக இருந்தால், கிரவுன்பினியன் நண்பரின் சுற்றுக் கணக்கை மீண்டும் போட வேண்டியிருக்கும்; அச்சுக்குப் பணம் கட்டுமுன் டயரை முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிஸ்டன்வளையம்:
மூன்று டன் எடையை 150 மைலிலிருந்து நிறுத்துவது பிரேக்குக்குப் பெரும் சுமை. புதிய பிரேக் ஆயில் இல்லாமல் ஓடுதளத்தில் இறங்காதீர்கள். டர்போ சீல் உடைந்து இன்ஜின் தன் எண்ணெயையே எரித்து ஓடத் தொடங்கினால், சாவியைத் திருப்பி அதை அணைக்க முடியாது. உள்ளே வரும் காற்றை அடைக்கும் வால்வைப் பொருத்தி, அதன் இழுகயிறு பெல்ட் கட்டிய நிலையிலும் கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள்.