கறுப்புத் திரையா? ஃபார்மட் பண்ணுமுன் கிரப்பைப் பாருங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை பசியாறிக்கொண்டிருந்தபோது, பழைய லயத்து அக்கா ஒருவர் கணினிப் பெட்டியைத் துண்டில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். மகள் படிவம் 5. இடுபணிகள் எல்லாம் அதற்குள்தான். “டவுன் கடையில எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் பண்ணணும், 80 வெள்ளி ஆகும்ங்கறாங்க தம்பி. பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்கல.”

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் போட்ட பெட்டி. யாரோ கொடுத்த பழைய கிராஃபிக்ஸ் கார்டைச் செருகிய நாளிலிருந்து திரை கறுப்பு. ஆனால் விசிறி ஓடுகிறது, ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக்குகிறது. அந்த விளக்கைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. உள்ளே எல்லாம் உயிரோடுதான் இருக்கிறது, படம் மட்டும் வரவில்லை.

பெட்டியைப் போட்டதும், லினக்ஸைத் துவக்கிவிடும் கிரப் என்ற சிறு நிரலின் மெனுவைக் கொண்டுவர எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டினேன். (பழைய பயோஸ் முறையில் துவங்கும் பெட்டியென்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். எஸ்கேப்பைப் படபடவென்று தட்டினால் மெனுவைத் தாண்டி கிரப் கட்டளை வரிக்குப் போய்விடும்.) மெனு வந்தது. முதல் வரியில் நின்று ஆங்கில ‘ஈ’ எழுத்தை அழுத்தினால் துவக்கக் கட்டளைகள் திறக்கும். ‘லினக்ஸ்’ என்று ஆரம்பிக்கும் நீள வரியில் ‘குவயட் ஸ்பிளாஷ்’ இருந்தது, துவக்கச் செய்திகளை மறைத்துச் சின்னம் மட்டும் காட்டச் சொல்லும் இரண்டு சொற்கள். அதன் பின்னால் ஓர் இடம் விட்டு ‘நோமோட்செட்’ என்று அடித்தேன். திரை அமைப்பை, லினக்ஸின் மையமான கெர்னல் தானாக மாற்றப் போகாமல் தடுக்கும் சொல் அது. அப்புறம் கண்ட்ரோலும் எக்ஸும். எஃப் 10 அழுத்தினாலும் சரிதான்.

உள்நுழையும் திரை வந்தது. அந்தப் பிள்ளை மவுஸை என் கையிலிருந்து வாங்கி, ‘செஜாரா’ (வரலாறு) கோப்புறையைத் திறந்து, விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு கோப்பாக எண்ணியது.

கிரப்பில் நாம் அடிப்பது அந்த ஒரு துவக்கத்துக்கு மட்டும்தான். டிஸ்கில் எதுவும் எழுதப்படாது. நிரந்தரமாக வேண்டுமென்றால் கிரப் அமைப்புக் கோப்பைத் திருத்தி, உபுண்டு வகை லினக்ஸில் ‘அப்டேட்-கிரப்’ கட்டளையை ஓட்ட வேண்டும். நோமோட்செட்டை நான் அப்படி விட்டுவைக்க மாட்டேன், படம் மந்தமாகிவிடும். கார்டுக்குரிய டிரைவரைப் போட்டு மறுபடி துவக்கினேன். வரியைத் தொடாமலே திரை வந்தது.

பீடோரிலிருந்து ஒரு வாசகர்:
அண்ணே, ஒரு தடவை மட்டும் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். முதல்முறை முயன்றபோது அதே நீள வரியில் ‘ரூட்’ பகுதியை (லினக்ஸ் எந்த டிஸ்க் பகுதியில் இருக்கிறது என்று சொல்வது) தெரியாமல் அழித்துவிட்டேன். துவக்கம் பாதியில் நின்றது. அப்பாவின் கணக்கெல்லாம் போச்சு என்று கை நடுங்கியது. அணைத்துப் போட்டேன், பழைய வரி அப்படியே இருந்தது.

தாப்பாவிலிருந்து இன்னொரு வாசகர்:
நான் எதையும் சேர்க்கவில்லை, ‘குவயட் ஸ்பிளாஷ்’ இரண்டையும் எடுத்தேன். சின்னம் மட்டும் காட்டி நின்ற லேப்டாப், எழுத்து எழுத்தாகப் பேச ஆரம்பித்தது. எப்போதோ கழற்றி வைத்த வெளி ஹார்ட் டிஸ்குக்காக 1 நிமிடம் 30 விநாடி காத்திருக்கிறது! துவங்கும்போது எந்தெந்த டிஸ்குகளை இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், அந்த டிஸ்குக்கான ஒரு வரியை நீக்கினேன். அதன்பிறகு அது எங்கும் நின்றதில்லை.