46/16-க்கு எட்டா, பதினாறா? கணக்குத் தெரியாமல் தீர்ப்பு எழுதுபவர்களுக்கு

லாக்ரிங்:
ஃபிக்ஸி (பின்பல் சக்கரத்தோடு பூட்டியே இருக்கும், மிதிக்காமல் உருளாத சைக்கிள்) ஓட்டுபவர்களின் டயர் தேய்மானத் திரியில் பதினேழுபல் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "நகரத்துக்குள்ள ஃபிக்ஸில தினமும் ஆபீஸ் போறவங்க 46/16 வைக்கவே கூடாது. ஸ்கிட் அடிச்சா பின் டயர் எட்டே இடத்துல தேயும். 46/17-ன்னா பதினேழு இடம். டயர் ரெண்டு மடங்கு உழைக்கும்." அதற்குக் கைதட்டல் வேறு. புதியவர்களுக்கு: 46 முன் செயின்ரிங்கின் பல் எண்ணிக்கை, 16 பின்பல்லின் எண்ணிக்கை. ஸ்கிட் என்றால் கிராங்கை (பெடலைத் தாங்கும் கை) காலால் நிறுத்திப் பின் சக்கரத்தைப் பூட்டி உரசவிடுவது. கிராங்க் எப்போதும் ஒரே நிலையில் பூட்டுவதால் டயர் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் தேயும்.

எட்டு அல்ல, பதினாறு. 46/16-ஐச் சுருக்கினால் 23/8. கீழே 8 கண்ணில் பட்டதும் அன்பர் கணக்கை மூடி வைத்துவிட்டார். மேலே இருக்கும் 23 ஒற்றைப்படை. மேல் எண் ஒற்றைப்படை என்றால், இடது கால் முன்னால் இருக்கும்போது டயர் தரையில் உரசும் இடம் வேறு, வலது கால் முன்னால் இருக்கும்போது உரசும் இடம் வேறு. கிராங்க் அரைச் சுற்றுக்குப் பின் சக்கரம் 23/16 சுற்று. ஆகவே 16 இடம். 46/17-ல் மேல் எண் இரட்டைப்படை, எந்தக் காலை முன்னால் வைத்தாலும் அதே 17 தான். பதினாறுக்கும் பதினேழுக்கும் வித்தியாசம் ஒன்று. இந்த ஒன்றுக்காக எல்லோரும் பின்பல்லைக் கழற்ற வேண்டுமா?

பதினேழுபல்:
வாங்க சார், ரொம்ப நாளா காணோமேன்னு பார்த்தேன். ரெண்டு காலையும் மாத்தி மாத்தி ஸ்கிட் அடிக்கிற ஆள் எத்தனை பேர் இருக்காங்க? உடம்பை முன்னாடி சாய்ச்சு பின் சக்கரத்து எடையைக் குறைச்சு, கிராங்க் படுக்கையா வர்ற நேரத்துல முன்னங்காலைப் பெடல் ஸ்ட்ராப்போட மேல இழுத்து, பின்னங்காலைக் கீழ அழுத்திப் பூட்டணும். இதுல முன்னாடி நிக்கிறது எப்பவும் பழகின கால்தான். அவசரத்துல குறுக்கே ஒரு ஆட்டோ வந்தா "போன தடவை வலது, இந்தத் தடவை இடது"ன்னா யோசிப்பீங்க? காகிதத்துல 16, ரோட்டுல 8. எட்டுதான்.

லாக்ரிங்:
காகிதத்தில் வந்தால்தான் அது எண்ணிக்கை. சைக்கிளுக்கு எத்தனை என்பது கேள்வி, ஓட்டுபவரின் சோம்பலுக்கு எத்தனை என்பது அல்ல. 16.

பதினேழுபல்:
தேயுறது டயரு சார், காகிதம் இல்ல. 8.

மேட்டுத்தெரு:
47/17 வைத்தால் இந்தச் சண்டையே வராதே. ஒரு கால் என்றால் 17, இரண்டு கால் என்றால் 34. விகிதமும் (முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தது) 2.76, வேலைக்குப் போக வர நன்றாக இருக்கும்.

லாக்ரிங்:
47 பற்றி யாரும் கேட்கவில்லை.

பதினேழுபல்:
இதுல மட்டும் சாரோட ஒத்துப் போறேன். 47 பல் செயின்ரிங்கைத் தேடி அலையுறதுக்குள்ள ரெண்டு டயர் தேஞ்சிடும்.

ரெண்டுபிரேக்:
இருவரும் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று புரியவில்லை. முன்னால் ஒரு பிரேக் மாட்டியிருந்தால் ஸ்கிட்டே தேவையில்லை. பிரேக் பிடிக்கும்போது எடை முழுக்க முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தைப் பூட்டி என்ன பயன்? 25 கி.மீ. வேகத்தில், காய்ந்த தார் ரோட்டில், முன் பிரேக்கை ஒழுங்காகப் பிடித்தால் சுமார் 5 மீட்டரில் நிற்கலாம். பின் சக்கரம் மட்டும் என்றால் குறைந்தது அதைப்போல் இரண்டு மடங்கு. ஈரமாக இருந்தால் சொல்லவே வேண்டாம். பிரிட்டனின் 1983 விதியில் ஃபிக்ஸட் சக்கரம் இருந்தால் தனியாகப் பின் பிரேக் கேட்கமாட்டார்கள், ஆனால் முன் பிரேக் கட்டாயம். ஜப்பானில் முன்னும் பின்னும் பிரேக் வேண்டும், 10 கி.மீ. வேகத்திலிருந்து 3 மீட்டருக்குள் நிற்க வேண்டும். அங்கெல்லாம் யாரும் டயரில் எத்தனை இடம் தேய்கிறது என்று கேட்பதில்லை.

லாக்ரிங்:
பிரேக்குக்குத் தனித் திரி இருக்கிறது மேடம். முன் பிரேக் வேண்டாம் என்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை. இங்கே கேள்வி ஒன்றே ஒன்று: எட்டா, பதினாறா?

ரெண்டுபிரேக்:
முன் பிரேக் வைத்திருக்கிறவருக்கு ரெண்டும் இல்லை, பூஜ்யம் என்றுதான் சொல்கிறேன்.

பதினேழுபல்:
மேடம், பிரேக் இருந்தாலும் சிக்னல் கிட்ட வேகம் குறைக்கக் காலால கொஞ்சம் கொஞ்சமா எதிர்த்து மிதிப்போம். அதுலயும் டயர் தேயும். கிராங்க் படுக்கையா வரும்போதுதான் காலுக்கு பலம் அதிகம், அதனால தேய்மானம் அதே எட்டு இடத்துலதான் விழும்.

லாக்ரிங்:
ஆகா! நன்றி. எதிர்த்து மிதிக்கும்போது இரண்டு காலும் மாறி மாறித்தானே பலம் கொடுக்கிறது? வலது கால் பின்னால் இருக்கும்போது ஒரு அழுத்தம், அரைச் சுற்றில் இடது கால் பின்னால் வந்ததும் இன்னொரு அழுத்தம். அப்போது எத்தனை இடம்? நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் காகிதம் என்பீர்கள்.

பதினேழுபல்:
ஸ்கிட் பத்திப் பேசிட்டு இருக்கோம். எதிர் மிதி பத்தி இல்ல.

லாக்ரிங்:
எதிர் மிதியை இழுத்து வந்தது யார்? மேலே போய்ப் பாருங்கள்.

சங்கிலிக்கண்ணி:
சின்ன விஷயம். ஒரே காலில் ஸ்கிட் அடிப்பவருக்கு 8 என்றே வைத்துக்கொள்ளுங்கள். டயர் சுற்றளவு சுமார் 213 செ.மீ. (700×28). எட்டு இடம் என்றால் ஒன்றுக்கொன்று 26, 27 செ.மீ. தள்ளி விழும். நடுவில் இருக்கும் ரப்பர் புதுசாகவே கிடக்கும். அந்த எட்டு இடம் தட்டையாகத் தெரிய ஆரம்பித்ததும் காற்றை இறக்கி, டயரை ரிம்மில் 13 செ.மீ. நகர்த்திவிட்டு மறுபடி காற்றடித்தால் புதுசாக எட்டு இடம் கிடைக்கும். டியூப் வால்வு சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், டயரை மட்டும் நகர்த்த வேண்டும். பின்பல் மாற்றும் செலவே இல்லை.

லாக்ரிங்:
8+8=16. நான் சொன்னதைத்தான் இவரும் சுற்றி வளைத்துச் சொல்கிறார்.

பதினேழுபல்:
நகர்த்துறதுக்கு முன்னாடி எத்தனை? எட்டு! நன்றி சங்கிலிக்கண்ணி.

சங்கிலிக்கண்ணி:
நான் யார் பக்கமும் பேசவில்லை.

லாக்ரிங்:
பேச வேண்டாம், கணக்கு பேசுகிறது. இன்னொன்று. பதினேழுபல் விகிதம் பற்றி வாயே திறக்கவில்லை. 46/16 என்றால் 2.875. அந்த 28 டயரில் ஒரு மிதிச் சுற்றுக்கு 6.1 மீட்டர். 46/17 என்றால் 2.71, 5.8 மீட்டர். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் முன்னது மணிக்கு 33 கி.மீ., பின்னது 31. பாலத்தில் இறங்கும்போது 17 பல்காரர் காலைப் பிடித்துச் சுற்றிவிட ஆள் தேடுவார்.

பதினேழுபல்:
பாலத்துல ஏறும்போது யாரு ஆள் தேடுவாங்கன்னும் சொல்லுங்க சார். நகரத்துல 33-ல எங்க போறீங்க? ரெட் சிக்னலுக்கா? ஒவ்வொரு சிக்னல்லயும் நின்னு எழும்பணும். அங்க 16 பல் முட்டியைத் தின்னுடும். எதிர்த்து மிதிச்சு நிறுத்துறதுக்கும் சின்ன விகிதம்தான் லேசு.

லாக்ரிங்:
முட்டிக்கு இருக்கை உயரம் காரணம், பல் அல்ல.

ரெண்டுபிரேக்:
இரண்டும் காரணம். ஃபிக்ஸியில் மிதிக்காமல் சும்மா உருள முடியாது, இருக்கை 5 மி.மீ. தவறினாலும் ஒவ்வொரு சுற்றிலும் முட்டி அதை வாங்கிக்கொண்டே இருக்கும். வளைவில் கிராங்கை நிறுத்த முடியாததால் உள்பக்கப் பெடல் தரையில் தட்டும் என்பதற்காகத்தான் 165 மி.மீ. குட்டைக் கிராங்க் வைக்கிறோம், அது முட்டிக்கும் நல்லது.

லாக்ரிங்:
கிராங்க் நீளத்துக்கும் தனித் திரி இருக்கிறது.

புதுச்செயின்:
அண்ணன்மாருக்கு வணக்கம். குறுக்க வந்ததுக்கு மன்னிக்கவும். என் செயின் ஒரு இடத்துல டைட்டாவும் ஒரு இடத்துல லூஸாவும் இருக்கு. எவ்வளவு லூஸ் விடணும்? கழண்டு விழுந்தா ஆபத்தா?

மேட்டுத்தெரு:
ஆபத்துதான் தம்பி. ஃப்ரீவீல் (மிதிக்காமலும் உருளும்) வண்டியில் செயின் கழன்றால் கை அழுக்காகும், அவ்வளவுதான். ஃபிக்ஸியில் கழன்ற செயின் பின்பல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். மேல் செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பார், மேலும் கீழுமாகச் சேர்த்து ஒரு 12 மி.மீ. ஆடினால் போதும். டைட்டான இடத்தில் வைத்து அளக்கணும், லூஸான இடத்தில் அல்ல. சக்கரம் சுற்றும்போது மட்டும் செயினில் கை வைக்காதே. ஃபிக்ஸியில் அது நிற்காது, விரலைப் பல்லுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பதினேழுபல்:
தம்பி, 16 பல்லா 17 பல்லா?

புதுச்செயின்:
16 அண்ணே.

பதினேழுபல்:
அப்போ எட்டு. ஞாபகம் வெச்சுக்க.

லாக்ரிங்:
புதிதாக வந்த பையன் காதிலும் பொய்யை ஊற்றியாயிற்றா? இவர் யோசனை கேட்டு வண்டி கட்டியவர்கள் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். பழைய ஃப்ரீவீல் ஹப்பிலேயே (சக்கரத்தின் நடு உருளை) பின்பல்லை ஏற்றி, பாட்டம் பிராக்கெட்டின் (கிராங்க் அச்சு சுற்றும் பகுதி) லாக்ரிங்கை, அதாவது பூட்டு வளையத்தைப் போட்டு, மரைப்பசை ஊற்றினால் போதும் என்று எழுதியவர்தானே இவர்?

டிராக் ஹப்பில் (ஃபிக்ஸிக்கான ஹப்) மரை இரண்டு படியாக இருக்கும். பின்பல்லுக்கு 1.37 அங்குலம், வலது மரை. அதற்கு வெளியே லாக்ரிங்குக்கு விட்டம் குறைவு, இடது மரை. எதிர்த்து மிதிக்கும்போது பின்பல் கழலப் பார்க்கும், அதே திருப்பம் லாக்ரிங்கை இறுக்கும். அதனால்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஃப்ரீவீல் ஹப்பில் இரண்டும் ஒரே வலது மரை. ஒன்று கழன்றால் இரண்டும் சேர்ந்து கழலும். பசை தடுக்குமாம்!

பதினேழுபல்:
அது எப்பவோ எழுதினது. அதுலயும் "முன் பிரேக் இருந்தா மட்டும்"னு போட்டிருந்தேன். பாதியை வெட்டிட்டு மேற்கோள் காட்டுறது சாருக்கு கைவந்த கலை. பழைய குப்பையைக் கிளறினா எட்டு பதினாறு ஆயிடுமா?

சங்கிலிக்கண்ணி:
பின்பல்லை இறுக்க ரோட்டாஃபிக்ஸ் முறை நல்லது. லாக்ரிங்கை எடுத்துவிட்டு, செயினை பாட்டம் பிராக்கெட் உருளையில் ஒரு சுற்று சுற்றி, மறு நுனியைப் பின்பல்லில் மாட்டி, சக்கரத்தைப் பின்பக்கம் திருப்பினால் கல் மாதிரி இறுகும்.

லாக்ரிங்:
பெயின்ட்டும் கல் மாதிரி உதிரும். மெல்லிய அலுமினிய உருளை என்றால் நசுங்கவும் செய்யும். செயின் விப் (பின்பல்லைப் பிடித்துத் திருப்பும், செயின் துண்டு வைத்த கைப்பிடி) போட்டு இறுக்கி, லாக்ரிங்கைப் பூட்டி, ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்து ஏறினால் பின்பல் இன்னும் கொஞ்சம் இறுகும். உடனே லாக்ரிங்கை மறுபடி இறுக்க வேண்டும், ஏனென்றால் இப்போது நடுவில் இடைவெளி விழுந்திருக்கும். அதை மறந்தவர்தான் முதல் எதிர் மிதியிலேயே "கடக்" என்று சத்தம் கேட்பார்.

சங்கிலிக்கண்ணி:
உருளையைச் சுற்றித் தடித்த துணி வைப்பார்கள். அதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

லாக்ரிங்:
முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ரெண்டுபிரேக்:
புதுச்செயினுக்கு யாரும் முழுசாகப் பதில் சொல்லவில்லை. டைட்டும் லூஸும் மாறி மாறி வருவது செயின்ரிங் மையம் விலகியதால். செயின்ரிங் போல்ட்டுகளை முழுசாகக் கழற்றாமல் லேசாகத் தளர்த்து. டைட்டான இடம் வரும்வரை கிராங்கைச் சுற்று. அந்த இடத்தில் செயினை லேசாகத் தட்டினால் ரிங் கொஞ்சம் நகரும். மறுபடி சுற்றிப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி தட்டி, ஆட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்ததும் போல்ட்டை இறுக்கு. முழுசாகச் சமமாகாது, ஆனால் நன்றாகக் குறையும். அதற்குப் பிறகு பின் சக்கரத்தை இழுத்து வைத்து 15 மி.மீ. ஸ்பேனரால் நட்டை முடுக்கு. வலது நட்டைக் கொஞ்சம், இடது நட்டைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்கினால் சக்கரம் கோணாது.

புதுச்செயின்:
நன்றி அக்கா. போல்ட்டுக்கு 5 மி.மீ. ஆலன் கீ போதுமா?

லாக்ரிங்:
பெரும்பாலும் 5. பின்பக்கம் இருக்கும் நட்டு கூடவே சுற்றினால் அதன் காடியில் கொடுத்துப் பிடிக்க ஒரு கீ வேண்டும். தம்பி, அதைச் செய்யும்போதே இதையும் செய். செயின் மாட்டியிருக்கட்டும், பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து வலது கிராங்கை முன்னால் படுக்கையாக வை. டயர் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடு. இடது கிராங்க் முன்னால் வரும்வரை அரைச் சுற்று சுற்றி இன்னொரு கோடு. இப்படியே தொடர்ந்து, முதல் கோட்டிலேயே மறுபடி வந்து நிற்கும்போது எத்தனை கோடு இருக்கிறது என்று எண்ணிப் படம் எடுத்துப் போடு.

பதினேழுபல்:
தம்பி, வலது காலுக்கு மட்டும் கோடு போடு. இடது காலை விட்டுடு. அதையும் படம் எடு.

லாக்ரிங்:
நெறியாளர் கவனத்துக்கு: சோதனையைக் கெடுக்கிறார்.

புதுச்செயின்:
அண்ணே, சாக்பீஸ் இல்ல. முதல்ல செயினைச் சரி பண்ணிக்கிறேன்.