டார் எஸ் சலாமுக்குப் பெட்டி கட்டியபோது

தான்சானியாவிலுள்ள டார் எஸ் சலாமுக்குக் குடிபோகிறேன், எதை எடுக்க, எதை விட என்று கேட்டிருந்த சகோதரிக்கு எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். 2021-இல் திருநெல்வேலியிலிருந்து போனோம். கணவருக்கு ஒரு தொழிற்சாலையில் கணக்கு வேலை. மகளுக்கு அப்போது நாலு வயது. ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ.

பெட்டி கட்டும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். துவரம்பருப்பு அஞ்சு கிலோ, கொசுவலை மூணு, உட்கார்ந்து துருவும் தேங்காய்த் துருவி. “இருக்கட்டும்ளா, அங்க போயி யார்ட்ட கேப்ப?” என்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஒவ்வொன்றையும் துணிக்கடை கவரில் போட்டு முடிச்சுப் போட்டுத் தந்தார்கள்.

அந்தக் கவர்தான் முதல் சிக்கல். தான்சானியாவில் 2019 ஜூன் 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் விமான நிலையத்திலேயே ஒப்படைத்துவிட வேண்டும். எங்களுக்கு இது தெரியாது. தூக்கக் கலக்கத்தில் அழுத பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தரையில் முட்டிபோட்டு ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். மிளகாய்ப்பொடியை என் துப்பட்டாவில் கொட்டிக் கட்டினேன். அங்கே நின்ற பெண் அதிகாரி கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவர்களை வாங்கிக்கொண்டு, “போலே, மாமா” என்றார். போலே என்றால் ‘அடடா, பாவம்’ என்பதுபோல ஆறுதல் வார்த்தை. மாமா என்றால் சுவாஹிலியில் அம்மா. அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் பேச்சு அதுதான், இன்றும் காதில் இருக்கிறது.

கம்பெனி பாக்கெட்டாகவே வரும் உணவுப் பொருளுக்குப் பிரச்சினை இல்லை. சோப்பு, சீப்பு வைக்கும் ஜிப் கவரையும் அனுமதிக்கிறார்கள். மற்ற எல்லாவற்றையும் நம்மூர் மஞ்சப்பையில் கட்டுங்கள். கடைக்குப் போகவும் பிறகு அதுவே உதவும்.

இனி அந்த மூன்று சாமான். துவரை அங்கே வயலிலேயே விளைகிறது, ‘ம்பாசி’ என்பார்கள். இந்தியாவுக்கே அங்கிருந்து கப்பலில் வருகிறது. கொசுவலை வடக்கே அருஷா என்ற ஊரிலுள்ள ஆலையிலேயே நெய்கிறார்கள், அதுவும் மருந்தேற்றிய வலை. நாங்கள் கொண்டுபோனதில் மருந்து கிடையாது. தேங்காய்த் துருவியோ, வீட்டுக்கு வீடு உண்டு. மடக்கு முக்காலி போல, முன்னால் பல்லுள்ள இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பெயர் ‘ம்புசி’, அதாவது ஆடு. அதன்மேல் உட்கார்ந்து கிண்ணத்தில் தேங்காய் துருவுகிற பெண்ணைப் பார்த்தபோது எங்கள் ஆச்சி வீட்டு அடுக்களையில் நிற்பதுபோல் இருந்தது. கிசுட்டு சந்தைக்குப் போனால் வெண்டை, கத்தரி, கீரை எல்லாம் கிடைக்கும். அரிசி, பருப்புக்குப் பெட்டியில் இடம் ஒதுக்காதீர்கள்.

நான் எடுக்காமல் விட்டது இஸ்திரிப் பெட்டி. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், சின்னப் பிள்ளை இருக்கிற வீடு என்றால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

போய் இரண்டு மாதம் இருக்கும். மகளின் இடுப்பில், ஜட்டி எலாஸ்டிக் படுகிற இடத்தில், இரண்டு கொப்புளம். வேனல் கட்டி என்று நினைத்துச் சந்தனம் தடவினேன். நாலு நாளில் சிவந்து பெருத்தது. ராத்திரியில் “உள்ள என்னமோ குத்துதும்மா” என்று அழுவாள். வீட்டு வேலைக்கு வந்த அக்கா காலையில் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டார். கொப்புளத்தின் நடுவே ஊசிமுனை அளவு ஒரு துளை இருந்தது. வாசலினைக் கெட்டியாக அப்பிவிட்டு என்னைக் காத்திருக்கச் சொன்னார். மூச்சுக்குக் காற்று இல்லாமல் உள்ளிருந்த புழு மேலே வந்து முனையைக் காட்டியது. இரண்டு பக்கமும் மெதுவாக அமுக்கி எடுத்தார். வெள்ளையாக, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அதன்பின் டாக்டரிடம் போய்ப் புண்ணைச் சுத்தம் செய்துகொண்டோம்.

ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிகளில் இருக்கும் ஒரு ஈயின் வேலை இது. நிழலில் காயும் ஈரத்துணியிலும் மணலிலும் முட்டையிடும். துணியை உடுத்தும்போது புழு தோலுக்குள் போய்விடும். சூடாக இஸ்திரி போட்டால் முட்டை செத்துவிடும். அதனால் உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பு வரை, தையல் மடிப்பெல்லாம் விடாமல் தேய்க்க வேண்டும். அந்த அக்கா என் கையைப் பிடித்து மடிப்பு மடிப்பாகக் காட்டிக் கொடுத்தார். இஸ்திரிப் பெட்டி அங்கேயே வாங்கலாம், ஆனால் போன முதல் நாளே வாங்குங்கள்.

மிக்ஸி தாராளமாக எடுக்கலாம். மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட். பிளக் மட்டும் சதுர மூன்று முனை, மாற்றிக்கொள்ளலாம். பட்டுச் சேலையும் தோல் பெல்ட்டும் கடற்கரை ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். என் கல்யாணச் சேலை அப்படித்தான் பாழானது. பருத்தி போதும். ஜூலையில் அருஷா பக்கம் போவதாக இருந்தால் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர்.

தினசரி மாத்திரை மூன்று மாதத்துக்கு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். கண்ணாடி இரண்டு ஜோடி. விமானம் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழி என்றால் அங்கே எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பாருங்கள். 12 மணி நேரத்துக்கு மேல் என்றால் தான்சானியாவில் இறங்கும்போது மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவாவது போட்டிருக்க வேண்டும். அங்கே போனபின் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே மலேரியா பரிசோதனை. பாரசிட்டமால் போட்டுவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

இரண்டாம் வருஷம் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பியபோது, அம்மாவே இந்த முறை கேட்டுக் கேட்டுத்தான் எடுத்து வைத்தார்கள். மாத்திரை, செக்கு நல்லெண்ணெய், கட்டிப் பெருங்காயம், மகளுக்குத் தமிழ்ப் பாடப்புத்தகம். கூடவே அந்த அக்காவுக்கு ஒரு சுங்குடிச் சேலை. அவர் அதை இரண்டாகக் கிழித்து, அங்கே பெண்கள் ‘கங்கா’ என்ற துணியைக் கட்டுவதுபோல ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தலையிலுமாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவ்வளவு அழகு.

எந்த மாதம் போகிறீர்கள் என்று சொல்லவில்லையே. மார்ச்சிலிருந்து மே வரை பெருமழை. அப்போது என்றால் குடையைப் பெட்டிக்குள் போடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.