சூடானால் நின்றுவிடும் என்ஜின்: பி0335, பி0340 பிழைக் குறியீடுகள் சேர்ந்தே வருகின்றன

2013 மாடல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். போன மாதக் கடைசியிலிருந்து செக் என்ஜின் விளக்கு எரிகிறது. குளிர்ந்த என்ஜினில் ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சூடான பிறகு ஓட்டத்திலேயே ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும், வண்டி நின்றுவிடும். கொஞ்சம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது.

ஸ்கேனரில் கிராங்க் சென்சாருக்கு (கிராங்க் தண்டின் சுழற்சியை அறிவது) பி0335, கேம் சென்சாருக்கு (வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் நிலையை அறிவது) பி0340. இரண்டு சென்சாரையும் புதிதாக மாற்றியாயிற்று. பேட்டரி முனை, எர்த் வயர் எல்லாம் சுத்தம் செய்தாயிற்று. இப்போது மெக்கானிக் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவையே மாற்றச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

காரணம் இதுதான்: குளிர்ந்திருக்கும்போது கிராங்க் சாக்கெட்டில் சரியாக 5 வோல்ட் வருகிறது. வண்டி நின்ற உடனே அளந்தால் 2 வோல்ட்கூட இல்லை. கேம் சாக்கெட்டிலும் அதே கதை. இரண்டு சென்சாரையும் கழற்றிவிட்டு அளந்தாலும் ஏறவில்லை. வயரிங் படத்தைப் பார்த்தால் ஏசி பிரஷர் சென்சார், மேப் சென்சார் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) இரண்டுக்கும் இதே 5 வோல்ட் லைன்தான் போகிறது.

இந்த லைனின் வோல்டேஜைக் கீழே இழுப்பது மற்ற சென்சாரா, வயரா, இசியூவா என்று வண்டி ஆறுவதற்குள் பிடிக்க, எதை முதலில் கழற்றி அளக்க வேண்டும்?