14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வீரனின் உடையும் கவசமும்: சங்கிலிக் கவசத்திலிருந்து தொடங்கலாமா?

மிசிசாகா மாறன்:

எல்லோருக்கும் வணக்கம். டொராண்டோ பக்கம், மிசிசாகாவில் இருக்கிறேன். இடைக்கால உடை, சண்டை எல்லாவற்றையும் திரும்பச் செய்து பார்க்கும் சங்கமான சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம், அதாவது எஸ்.சி.ஏ., நடத்திய நிகழ்ச்சி ஒன்றுக்கு அலுவலக நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். இரும்புத் தலைக்கவசமும் பிரம்பு வாளுமாக ஆட்கள் மோதிக்கொள்வதைப் பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போர் எனக்குப் பிடித்த காலம், அதனால் 1370 வாக்கில் பிரான்சில் சண்டை போட்ட ஆங்கிலேய வீரன் ஒருவனுடைய உடை, கவசம், கேடயம் எல்லாவற்றையும் முழுதாகச் செய்து போட்டுக்கொள்ள ஆசை.

கையில் 1,200 கனடா டாலர் இருக்கிறது. இணையத்தில் விற்கும், இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த சங்கிலிக் கவசச் சட்டையை முதலில் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன், பார்த்தவுடன் 'வீரன்' என்று தெரியுமே. துணியுடுப்பை டிசம்பரில் சென்னைக்குப் போகும்போது தெரிந்த டெய்லரிடம் தைத்துக்கொள்ளலாமா? அப்புறம் கேடயத்தில் பச்சைப் பின்னணியில் சிவப்புப் புலி போட நினைக்கிறேன், சோழர் புலி. இதற்கெல்லாம் யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

பிரம்புவாள்:

மாறன், அந்தப் பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் பயிற்சிக்குப் போங்கள். எஸ்.சி.ஏ. தன் கிளைகளைக் கற்பனை ராஜ்யங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் டொராண்டோவுக்கு இயோஃபர்விக் என்று பெயர், ஒன்டாரியோவின் பெரும்பகுதி ஈல்டர்மியர் என்ற ராஜ்யம், 1998-இல் தனி ராஜ்யமானது. பயிற்சிக்கு வருகிற புதியவர்களுக்கு இரவல் கவசம் கொடுப்பார்கள். நிகழ்ச்சிக்கு வருகிற எல்லோரும் பழங்காலத்து உடை மாதிரி ஏதாவது போட்டிருக்க வேண்டும் என்பதால், உடை இல்லாதவர்களுக்கு இரவல் உடை தரும் 'கோல்ட் கீ' ஏற்பாடும் உண்டு. இரவலில் சில மாதம் ஓட்டினாலே எது உங்களுக்குத் தேவை என்று உடம்பே சொல்லிவிடும்.

சங்கிலிக் கவசம் வெட்டைத் தடுக்கும், அடியைத் தடுக்காது. நாங்கள் பிடிக்கும் வாள் குறைந்தது ஒன்றேகால் அங்குலத் தடிமனுள்ள பிரம்பு, மேலே டேப் சுற்றியது. அது விலாவில் இறங்கும்போது வளையங்கள் வளைந்துகொடுக்கும், அடி நேராக எலும்புக்குப் போகும். அதைத் தாங்குவது அடியில் போடும் திண்டு மாதிரியான உடுப்புதான், காம்பெசன் என்கிறார்களே, அது. அதனால் சங்கிலிச் சட்டை மட்டும் வைத்திருப்பவரைக் களத்தில் இறக்கவே மாட்டார்கள். தலை, கழுத்து, முழங்கை, முழங்கால், சிறுநீரகப் பகுதி, கவட்டை, கை விரல் இதையெல்லாம் சோதித்துப் பார்த்துத்தான் விடுவார்கள்.

முழங்காலை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் சண்டையில் அடி பட்டதா இல்லையா என்று நடுவர் தீர்ப்புச் சொல்வதில்லை, அடி வாங்கியவரே நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். தொடையில் நல்ல அடி விழுந்தால் அந்தக் கால் போய்விட்டது என்று வைத்து மண்டி போட்டபடியே சண்டையைத் தொடர்வார்கள். கையில் விழுந்தால் அந்தக் கையைப் பயன்படுத்தாமல் நிற்க வேண்டும். கல்லும் மண்ணுமான தரையில் தொப்பென்று மண்டியிடும்போது முழங்காலில் என்ன இருக்கிறது என்பதுதான் அன்றைய கேள்வி.

பணம் செலவழித்தே தீர வேண்டும் என்றால் தலைக்கவசத்துக்குச் செலவழியுங்கள். எஃகின் தடிமன் 16 கேஜ் என்ற அளவுக்குக் குறையக்கூடாது, முகக் கம்பிகளுக்கு இடையே ஒரு அங்குலக் கட்டை நுழையக்கூடாது, உள்ளே அரை அங்குலமாவது மெத்தை வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு தலையை வெடுக்கென்று இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். கவசமும் கூடவே திரும்பினால் சரி. தலை மட்டும் உள்ளே திரும்பினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஊசியும் நூலும்:

பிரம்புவாள் சொன்னது சண்டைக்கு. நான் உடைப் பக்கம் சொல்கிறேன், ஏனென்றால் கவசம் எடுப்பாக உட்காருவதும் உட்காராததும் உள்ளே போடும் துணியில்தான் இருக்கிறது. காலத்தை 1370 என்று குறித்துவிட்டீர்கள், பாதி வேலை முடிந்தது. அடுத்து நீங்கள் வேடம் போடும் ஆள் யார் என்று முடிவு செய்யுங்கள். பெரிய பிரபுவா, பிரபுவின் படையில் சம்பளத்துக்கு நிற்கும் வில்லாளியா? 1363-இல் இங்கிலாந்தில் யார் எந்தத் துணி உடுத்தலாம் என்று சட்டமே போட்டார்கள், கைவினைஞரும் சிறு நிலக்காரரும் பட்டும் வெள்ளியும் அணியக்கூடாது என்று. இரண்டே ஆண்டில் அதை எடுத்தும்விட்டார்கள், ஆனால் துணியைப் பார்த்தே ஆளை எடைபோட்ட சமூகம் அது என்பது அதில் தெரிகிறது.

உடம்பை ஒட்டிப் போடுவது லினன் சட்டையும் லினன் உள்ளாடையும். அதற்கு மேல் கம்பளியில் கால்சட்டை, ஆனால் இன்றைய பேன்ட் இல்லை, இரண்டு காலுக்கும் தனித்தனியாக இருக்கும் நீளமான உறை. துணியை கிராஸாக, அதாவது மூலைவாட்டில், வெட்டினால்தான் அது முழங்காலில் இழுத்துக்கொடுக்கும், நேராக வெட்டினால் உட்காரும்போது தையல் பிரிந்துவிடும். இதையெல்லாம் நாமாக ஊகிக்க வேண்டியதில்லை. ஸ்வீடனில் 1936-இல் சதுப்பு நிலத்திலிருந்து எடுத்த இடைக்கால ஆளின் உடல், பொக்ஸ்டன் மனிதன் என்பார்கள், தன் உடையோடு வார்பெர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரீன்லாந்தில் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறையில் 1921-இல் தோண்டியெடுத்த கம்பளி உடைகள் கோபன்ஹேகனில் இருக்கின்றன. இடுப்புக்குக் கீழே முக்கோணத் துண்டுகளைச் சேர்த்து விரிவு கொடுத்திருக்கும் விதம், எந்தத் தையல் எங்கே என்பது வரை ஆய்வாளர்கள் வரைந்தே வைத்திருக்கிறார்கள்.

உங்கள் காலத்துக்கு நேராகப் பொருந்துவது சார்ல்ஸ் டி ப்ளுவா என்ற பிரெஞ்சுப் பிரபுவின் மேலங்கி. அவர் 1364-இல் பிரான்சில் ஓரே (Auray) என்ற ஊரில் நடந்த சண்டையில் இறந்தவர், அவருடையதாகச் சொல்லப்படும் அங்கி லியோன் துணி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கையைத்தான் பார்க்க வேண்டும். ஆர்ம்ஹோல், அதாவது கை சேரும் துளை, இன்றைய சட்டையில் இருப்பதுபோலத் தோளோடு நிற்காமல் நெஞ்சுக்குள்ளும் முதுகுக்குள்ளும் பெரிய வட்டமாக வெட்டியிருக்கும். கை அந்த வட்டத்தில் துண்டு துண்டாகச் சேர்ந்திருக்கும். விளைவு என்ன? இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாலும் அங்கியின் அடி விளிம்பு இடுப்பிலிருந்து ஏறாது. வாள் ஓங்குகிறவனுக்கு அதுதான் வேண்டும், காலுறையும் கால்கவசமும் தொங்குவது இந்த மாதிரி இறுக்கமான அங்கியில் முடிச்சுப் போட்டுத்தான். அங்கி ஏறினால் காலும் சேர்ந்து இழுபடும்.

இப்போது சென்னை டெய்லர் விஷயம். தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் அளவுச் சட்டை ஒன்றைக் கொடுத்து 'இது மாதிரி' என்று சொன்னால் இன்றைய ஆர்ம்ஹோலில்தான் வரும், அவர் மேல் தப்பில்லை. பழைய போர்வைத் துணியில் மாதிரி ஒன்றை நீங்களே வெட்டி, கையைத் தூக்கிப் பார்த்துச் சரிசெய்து, அதைப் பிரித்து பேட்டர்னாகக் கொடுங்கள். உள்தையல் மெஷினில் போகட்டும். கண்ணுக்குத் தெரியும் விளிம்பு, காஜா, பொத்தான் மூன்றும் கையால் வேண்டும். லண்டனில் அகழ்ந்தெடுத்த 14-ஆம் நூற்றாண்டுத் துண்டுகளில் பொத்தான்கூடத் துணிதான். சிறிய கம்பளி வட்டம் வெட்டி, ஓரத்தில் ஓட்டத்தையல் போட்டு, ஓரத்தை உள்ளே தள்ளிக்கொண்டே நூலை இழுத்தால் கெட்டியான உருண்டையாக வந்துவிடும். அதைத் துணியின் மேல்பரப்பில் தைக்காமல் விளிம்பின் நுனியிலேயே தைத்திருப்பார்கள், காஜாவும் விளிம்பை ஒட்டியே இருக்கும். இது ஒன்றைச் சரியாகச் செய்தாலே உங்கள் உடை நாடக உடை மாதிரித் தெரியாது.

பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம். அழகுக்காகச் சொல்லவில்லை, முகாமில் நெருப்புப் பக்கத்தில் உட்காருவீர்கள். பொறி பட்டால் கம்பளி கருகி அணைந்துவிடும், பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

வளையக்காரன்:

எல்லோரும் சங்கிலிக் கவசத்தை ஒரேயடியாக ஒதுக்குவதை ஏற்க மாட்டேன். சண்டை போடாமல் வரலாற்று வேடமாக மட்டும் செய்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு அது நல்ல முதல் பொருள்தான். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். மலிவாகக் கிடைப்பது வளையத்தின் இரண்டு முனையையும் சும்மா ஒட்டவைத்து விட்டது, இழுத்தால் வாய் பிளக்கும். இடைக்கால ஐரோப்பாவில் முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தட்டி, துளையிட்டு, சின்ன ஆணி அடித்து முறுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு வளையமும் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு வளையங்களோடு கோத்திருக்கும். உலகச் சந்தையில் விற்கும் ஆணி அடித்த சங்கிலிச் சட்டைகளில் கணிசமானவை இந்தியாவில் தயாராகின்றன. டேராடூன் பக்கம் பழங்கால ஆயுத நகல்கள் செய்வது பெரிய ஏற்றுமதித் தொழில். ஊருக்குப் போகும்போது விசாரிப்பதில் தப்பில்லை, மூட்டையின் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு சட்டை சுமார் 10 கிலோ வரும். போட்டதும் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, மேலே கொஞ்சம் சட்டையைத் தூக்கி விட்டுக்கொள்ளுங்கள், பாதி எடை தோளிலிருந்து இடுப்புக்கு வந்துவிடும்.

ஆனால் மாறன் சொன்ன காலத்தைப் பார்த்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. 1370-இல் வசதியான ஆங்கிலேய வீரனின் சங்கிலிச் சட்டை வெளியே அதிகம் தெரியாது. நெஞ்சில் தகடு, அதற்கு மேல் ஜூபான் என்ற இறுக்கமான துணியங்கி, கையிலும் காலிலும் தகட்டுக் கவசம். தலைக்கவசத்திலிருந்து தோளுக்குத் தொங்கும் சங்கிலித் திரைதான் எடுப்பாகத் தெரியும். 1376-இல் இறந்த, மூன்றாம் எட்வர்டு அரசரின் மகனான கறுப்பு இளவரசர் எட்வர்டின் கல்லறைச் சிலையை கேன்டர்பரி பேராலயத்தில் பாருங்கள், எல்லாம் தெளிவாக இருக்கும். அவருடைய தலைக்கவசம், கையுறை, கேடயம், பஞ்சு வைத்துத் தைத்த வெல்வெட் ஜூபான்கூட அங்கே பிழைத்திருக்கின்றன. எளிய வீரனாக வேண்டும் என்றால், இன்றைய ஸ்வீடனின் கோட்லாந்துத் தீவில் 1361-இல் நடந்த விஸ்பி சண்டையைப் பாருங்கள். அங்கே புதைகுழிகளில் கவசத்தோடு புதைத்த ஆட்களிடமிருந்து தகடு தைத்த அங்கிகள் 20-க்கு மேல் கிடைத்தன. துணி மக்கிவிட்டது, தகடுகளும் ஆணிகளும் இருந்த இடத்திலேயே இருந்ததால் அப்படியே திரும்பச் செய்ய முடிகிறது. தோலோ கெட்டித் துணியோ வாங்கி, உள்பக்கம் தகடு வைத்து ஆணி அடிப்பது வீட்டு கராஜிலேயே செய்யக்கூடிய வேலை, சண்டைக்கும் ஆகும்.

சிங்கமும் கோடும்:

கேடயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். பச்சையில் சிவப்பு வேண்டாம். கேடயச் சின்னத்தில் நிறங்கள் இரண்டு கட்சி. பொன்னும் வெள்ளியும் உலோகம், அவற்றை மஞ்சளாகவும் வெள்ளையாகவும் தீட்டலாம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஐந்தும் நிறம். உலோகத்தின் மேல் உலோகமோ நிறத்தின் மேல் நிறமோ வரக்கூடாது. தூசியும் புழுதியுமான களத்தில் ஐம்பது அடி தள்ளி நிற்பவனுக்கு ஆள் யாரென்று தெரிய வேண்டும், பச்சைமேல் சிவப்பு அங்கே ஒரே இருட்டாகத்தான் தெரியும். ஜெருசலேம் ராஜ்யத்தின் வெள்ளிமேல் பொன் சிலுவை இந்த விதியை மீறியதற்காகவே பேர்போனது.

இதை அவர்கள் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு உங்கள் காலத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 1385-இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டு ஸ்காட்லாந்து மேல் படையெடுத்தபோது, நீலத்தில் பொன் நிறச் சாய்பட்டை என்ற ஒரே சின்னத்தோடு ஸ்குரோப், குரோவ்னர் என்று இரண்டு பேர் வந்து நின்றார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது, கவிஞர் சாசர்கூட 1386-இல் சாட்சி சொன்னார். ஸ்குரோப் ஜெயித்தார், குரோவ்னர் நீலத்தில் பொன் கதிர்க்கட்டுக்கு மாறிக்கொண்டார்.

எஸ்.சி.ஏ.வில் சின்னத்தைப் பதிய உங்கள் கிளையில் சின்னங்களைக் கவனிக்கும் ஹெரால்டிடம் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பதிந்தவற்றோடும், உலகறிந்த உண்மைச் சின்னங்களோடும் மோதுகிறதா என்று பார்ப்பார்கள். பதியாமலும் விளையாடலாம், கட்டாயமில்லை. அந்தப் பதிவு சங்கத்துக்குள் மட்டும்தான். நிஜ உலகில் சட்டப்படி சின்னம் வேண்டும் என்றால் கனடாவில் 1988-இல் தொடங்கிய அரசு ஹெரால்டிக் ஆணையம் இருக்கிறது, கனடியக் குடிமக்கள் யாரும் விண்ணப்பிக்கலாம், அது வேறு கதை, செலவும் வேறு.

புலிக்கு வருகிறேன். ஐரோப்பியச் சின்னங்களில் வரும் 'டைகர்' நம் புலியே இல்லை. ஓநாய் உடம்பு, சிங்க வால், வளைந்த மூக்கு என்று கற்பனை மிருகம், கோடே இருக்காது. 1370-இல் வாழ்ந்த ஆங்கிலேயன் கேடயத்தில் கோடு போட்ட வங்கப்புலி உட்காராது. ஒன்று, வேறு மிருகம் எடுங்கள். அல்லது வேடம் போடும் ஆளையே மாற்றுங்கள், இந்தச் சங்கத்தில் ஐரோப்பியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

மிசிசாகா மாறன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கவசத்தைத் தள்ளிப்போடுகிறேன். அடுத்த வாரமே பயிற்சிக்குப் போகிறேன், எளிய வில்லாளியாக உடையிலிருந்து தொடங்குகிறேன். புலி ஆசை மட்டும் போகவில்லை, சோழர் செப்பேட்டு முத்திரையில் புலி, பக்கத்தில் இரண்டு மீன், வில் என்று பார்த்து வளர்ந்தவன். ஆள் ஆங்கிலேயனாகவே இருந்துகொண்டு அதிலிருந்து எதையாவது எடுக்க முடியுமா? இன்னொன்று, கம்பளித் துணியைச் சென்னையில் தேடுவதா இங்கிருந்தே கொண்டு போவதா?

சிங்கமும் கோடும்:

மீனை எடுங்கள். ஆங்கிலேயச் சின்னங்களில் மீன் சர்வசாதாரணம், லூசி குடும்பம் தன் பெயருக்குப் பொருத்தமாகச் சிவப்பில் வெள்ளி லூஸ் மீன்களை, அதாவது பைக் என்ற மீன்களை, வைத்திருந்தது. நீலத்தில் பொன் மீன் இரண்டு, நிமிர்ந்து எதிரெதிராக. அன்றைய ஆங்கிலேயனுக்கும் பொருந்தும், உங்கள் முத்திரைக்கும் பக்கத்தில் வரும். ஹெரால்டிடம் மோதல் பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் கேடயத்தில் தீட்டுங்கள்.

ஊசியும் நூலும்:

துணியைக் கனடாவிலிருந்தே கொண்டு போங்கள். கோட் தைக்கும் கெட்டியான மெல்ட்டன் மாதிரி கம்பளி, வெட்டினால் விளிம்பு பிரியாதது, ஒரே நிறத்தில் நான்கு மீட்டர் வாங்குங்கள். டெய்லரிடம் கொடுப்பதற்கு முன் வெந்நீரில் நனைத்து நிழலில் காயவைத்துவிடுங்கள், சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடட்டும். மீதித் துண்டு எதையும் அவர் எறியாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பொத்தான் அதில்தான் வர வேண்டும்.